கவரைப் பிரித்தார்களா, இல்லையா? பாதுகாப்பு அஞ்சல் உறைகளின் கோளாறுகள், அறிகுறி வாரியாக

யாராவது பிரித்தால் தடயம் காட்டும் பாதுகாப்புக் கவர் செய்கிறவர்களுக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒரே ரகம்தான்: “யாருமே பிரிக்கலைங்க, ஆனா பிரிச்ச மாதிரி காட்டுது.” இதற்கு நேர்மாறான புகார் வரவே வராது. தடயமில்லாமல் பிரித்துப் படித்துவிட்டு மூடிய கவரைப் பற்றி யார் வந்து புகார் சொல்வது? வாங்கியவருக்கே தெரியாதே. இது புரியாமல் புகார் நோட்டை மட்டும் பார்த்து டிசைனைத் திருத்திக்கொண்டே போனால் விபரீதம்தான். பொய் எச்சரிக்கை வரக்கூடாது என்று ஒட்டும் பட்டையைக் குறைப்போம், இன்னும் மந்தமான டேப்புக்கு மாறுவோம். புகார் நின்றுவிடும். கவரும் ஊமையாகிவிடும். நானே ஒரு வருடம் அப்படி ஊமைக் கவர் செய்து, வாடிக்கையாளரிடம் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அதற்கு நேராகப் போகலாம். பட்டை சுத்தமாகக் கழல்வது, உள்ளே உள்ள தாள் மட்டும் மாறியிருப்பது, கவரே வேறாக இருப்பது ஆகிய மூன்றும் ‘வராத புகார்’ வகை. அந்தத் தொல்லை தனக்கு இல்லை என்று நினைப்பவர்கள்தான் அவற்றை முதலில் படிக்க வேண்டும்.

மேசையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: அதே லாட்டில் இருந்து 20 கவர், ஹேர் டிரையர், ஆவி வரும் கெட்டில், கம்ப்யூட்டர் தூசி ஊதும் ஸ்ப்ரே (தலைகீழாகப் பிடித்து அடித்தால் உறையும் குளிர் வரும்), ஐபிஏ எனப்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், இரண்டு மெல்லிய பின்னல் ஊசி, 38 டைன் சோதனைப் பேனா (ஃபிலிமில் பசை பிடிக்குமா என்று காட்டும் மைப் பேனா), நல்ல டார்ச், ஸ்டீல் ஸ்கேல். கடிதம் திருடக் கிளம்புகிற ஆளின் பை மாதிரி தெரிகிறதா? சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

நான் பேசுவது இரண்டு வகைக் கவர்களைப் பற்றி. ஒன்று காகிதக் கவர்: மேப்லித்தோ அல்லது கிராஃப்ட், 100 முதல் 120 ஜிஎஸ்எம். இன்னொன்று பாலித்தீன் பை: பல அடுக்கு ஃபிலிம், 50 முதல் 70 மைக்ரான், ஃபிளாப்பில், அதாவது மூடும் மடலில், வாய்டு டேப் (உரித்தால் ‘வாய்டு’, அதாவது ‘செல்லாது’ என்ற ஆங்கில எழுத்து தெரியும் டேப்). வங்கிப் பணம், விடைத்தாள், கடன் பத்திரம் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் போகிறது.

அறிகுறி: யாரும் தொடவில்லை, ஆனால் ‘வாய்டு’ தெரிகிறது

எழுத்து எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு முனையில் மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு விழுந்திருந்தால், அது அனுப்பிய மேசையில் நடந்த வேலை. பசையை மூடியிருக்கும் ரிலீஸ் தாளை ஒரே இழுப்பில் உரித்தவுடன் ஃபிளாப் ஆடி எங்கேயோ கோணலாகப் பிடித்திருக்கும். தூக்கி மறுபடி வைத்திருப்பார்கள். ஊழியரைத் திட்டிப் பயனில்லை. ரிலீஸ் தாளை நடுவில் ஒரு வெட்டுப் போட்டு இரண்டு துண்டாகக் கொடுங்கள். ஒரு பாதியை உரித்து நேராகப் பிடித்த பிறகு மறுபாதியை இழுக்கலாம். வெட்டும் அச்சான டையில் ஒரே ஒரு வெட்டுதான் கூடுதல்.

பட்டையின் நடுவில் பிறை போல வளைந்து தெரிந்தால் பை புடைத்திருக்கிறது. உள்ளே வைத்த கட்டு தடிமனாக இருக்கலாம். பையின் அகலம் கட்டின் அகலத்தோடு தடிமனையும் சேர்த்த அளவுக்காவது இருக்க வேண்டும். அதற்கு மேலும் கொஞ்சம் தாராளம் வேண்டும். விமானத்தில் போகும் பை என்றால் உள்ளே மாட்டிய காற்றைச் சந்தேகப்படுங்கள். மேலே போகப் போக அழுத்தம் குறையும், காற்று விரியும், ஃபிளாப்பை உள்ளிருந்தே தள்ளும். ‘மூடும் முன் காற்றை அழுத்தி வெளியேற்றவும்’ என்று ஃபிளாப்புக்குக் கீழேயே, கண்ணில் படும் இடத்தில் அச்சிடுங்கள். பின்பக்கம் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள்.

பட்டை நெடுக மங்கலாக, ஒரே சீராகத் தெரிந்தால் வெப்பம். மே மாத வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் 60 டிகிரியை ஒட்டிப் போகும். சில டேப்புகளில் ஹேர் டிரையர் காட்டினால் நிறம் மாறும் மை இருக்கும். அது எத்தனை டிகிரியில் மாறும் என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஐரோப்பிய ஊர் ஒன்றுக்குப் போட்ட எண் அருப்புக்கோட்டை வெயிலுக்கு ஒத்துவராது.

பொய் எச்சரிக்கையைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மாதத்தில் நான்கு முறை சும்மா கத்தும் கவரை, ஐந்தாவது முறை வாங்குகிறவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். ஐந்தாவது நிஜமாக இருக்கலாம்.

அறிகுறி: பட்டை சுத்தமாகக் கழன்று வருகிறது, எழுத்தே விழவில்லை

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம். பாலித்தீன் பைகளில் நான் பார்த்த பெரிய ஓட்டை இதுதான்.

வாய்டு டேப் வேலை செய்யும் விதம் இது. மேலே ஃபிலிம். அதன் அடியில் எழுத்து வடிவத்தில் பிடிப்பு குறைந்த பூச்சு. அதற்கும் அடியில் நிறம், பிறகு பசை. உரிக்கும்போது எழுத்துள்ள இடம் ஒரு பக்கம், மற்ற இடம் மறுபக்கம் என்று டேப்பே உள்ளுக்குள் பிளக்க வேண்டும். அது பிளப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. டேப்புக்குள் இருக்கும் அந்தப் பலவீனமான அடுக்கைவிட, பையோடு பசைக்குள்ள பிடி வலுவாக இருக்க வேண்டும். பையோடு பிடி தளர்ந்தால் டேப் பிளக்காது. மொத்தமாகக் கையோடு வந்துவிடும், திரும்ப ஒட்டினால் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஆக, கோளாறைத் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் பையின் தோல்; எல்லோரும் போய்ப் பார்ப்பதோ டேப்பை.

பாலித்தீனின் இயல்பான மேற்பரப்பு ஆற்றல் 31 டைன் அளவுதான். எந்தப் பசையும் அதில் மனமில்லாமல்தான் உட்காரும். அதனால் ஃபிலிம் தயாரிக்கும் இடத்தில் கொரோனா டிரீட்மென்ட் (ஃபிலிமின் மேல் மின்பொறி பாய்ச்சுவது) கொடுத்து 38க்கு மேல் ஏற்றுகிறார்கள். அந்த ஏற்றம் நிலையாக நிற்பதில்லை. கிடங்கில் கிடக்கக் கிடக்க இறங்கும். அதோடு ஃபிலிமுக்குள் வழவழப்புக்காக எருகமைடு போன்ற ஸ்லிப் சேர்மானம் போட்டிருப்பார்கள். பை ஒன்றோடொன்று ஒட்டாமல் மெஷினில் ஓட அது வேண்டும். அந்தச் சேர்மானம் நாள்பட மெல்ல மேலே கசிந்து, கண்ணுக்குத் தெரியாத மெழுகுத் தோலாகப் படியும். மெஷின் ஓட்டுகிறவருக்கு ஸ்லிப் அதிகம் வேண்டும், பசைக்கு ஸ்லிப் வேண்டாம். இந்தச் சண்டை எல்லா ஃபேக்டரியிலும் உண்டு. மெஷின்காரர்தான் ஜெயிப்பார், ஏனென்றால் அவருடைய நஷ்டம் அன்றைக்கே கண்ணில் தெரியும்.

ஒரு தடவை எங்கள் மேசையில் நடந்தது. மாதிரிக்குச் செய்த பை அருமையாக வாய்டு காட்டியது; ஆர்டரும் வந்தது. மழைக்காலம் முழுக்கக் கிடங்கில் கிடந்த ரோலை எடுத்து ஓட்டினோம். அனுப்பும் முன் ஒரு பையை மூடி, ஒரு மணி நேரம் கழித்து உரித்தேன். சர்ரென்று வந்தது, ஒரு எழுத்து இல்லை. டைன் பேனாவை எடுத்து ஃபிளாப் உட்காரும் இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். நல்ல ஃபிலிமில் கோடு கோடாகவே இரண்டு நொடி நிற்கும். இது இழுத்த கையோடு தாமரை இலைத் தண்ணீராகத் திரண்டு, தனித்தனி முத்தாக நின்றது. மொத்த லாட்டும் அப்படியே கூரியர் பைக்குப் போனது. நஷ்டம்தான்.

ஸ்லிப்பா, டிரீட்மென்ட் இறங்கியதா என்று பிரிக்க ஒரு எளிய வழி: ஒட்டும் இடத்தை ஐபிஏ நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, புது டேப்பை ஒட்டுங்கள். இப்போது வாய்டு விழுந்தால் மேலே படிந்திருந்த ஸ்லிப் அல்லது தூசிதான் காரணம். அப்போதும் விழவில்லை என்றால் டிரீட்மென்ட் போய்விட்டது. முதலாவதற்கு, ஃபிளாப் பக்கம் ஸ்லிப் குறைந்த ஃபிலிம் கேளுங்கள். இரண்டாவதற்கு, ரோலின் தேதியைப் பார்த்து முதலில் வந்ததை முதலில் ஓட்டுங்கள். ரோல் வரும்போது ஒரு முறை, ஓட்டும் அன்று ஒரு முறை பேனா போடுங்கள்.

சோதிக்கும் நேரமும் முக்கியம். அக்ரிலிக் பசை ஒட்டியவுடன் முழுப் பலம் காட்டாது. ஒரு நாள் போனால்தான் நன்றாக இறுகும். ஒட்டி 5 நிமிடத்தில், 1 மணியில், 24 மணியில் என்று மூன்று முறை உரித்துப் பாருங்கள். 5 நிமிடத்தில் சுத்தமாகக் கழன்றால் அந்த ஐந்து நிமிடம் திருடனுக்குச் சொந்தம். அனுப்பும் அலுவலகத்துக்குள்ளேயே ஆள் இருந்தால் அது போதும்.

உரிக்கும் வேகத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். லேபில், ஃபினாட் என்ற லேபிள் தொழில் அமைப்பின் முறைப்படி 180 டிகிரியில், நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் இழுப்பார்கள். ஒரு சப்ளையரை இன்னொருவரோடு ஒப்பிட அது நல்லது. கையால் நாம் உரிக்கும்போது வெடுக்கென்று இழுப்போம், எழுத்து பளிச்சென்று விழும், எல்லோரும் சந்தோஷப்படுவோம். மெதுவாக, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு நிமிடம் எடுத்து உரித்துப் பாருங்கள். பிரிக்க உட்கார்ந்தவனுக்கு அவசரமில்லை.

அடுத்து குளிர். தூசி ஸ்ப்ரேயைத் தலைகீழாகப் பிடித்து அடித்தால் பசை கண்ணாடி போல விறைத்து, பிடியை விட்டுவிடும். மறுபடி சூடானதும் பழையபடி ஒட்டும். இதற்குப் பசையை மாற்றி ஜெயிப்பது கடினம். டேப்பின் ஓரத்தை ரம்பப் பல்லாக வெட்டி, நடுவிலும் சிறு வெட்டுகள் போட்டுத் தூக்கும்போதே கிழியும்படி செய்வதும், டேப்பின் மேலும் பையின் மேலும் சேர்ந்து ஓடும் மெல்லிய கோட்டு அச்சு போடுவதும் பலன் தரும். மீண்டும் ஒட்டும்போது அரை மில்லிமீட்டர் தள்ளினாலும் கோடு ஒடிந்து தெரியும். கரைப்பான் ஊற்றிக் கழற்றுகிறவர்களுக்கு, பட்டைக்குக் கீழே அந்தக் கரைப்பானில் கசியும் மையில் ஒரு வரி.

அறிகுறி: கவர் அப்படியே இருக்கிறது, உள்ளே இருக்கும் தாளின் மடிப்பு மட்டும் மாறியிருக்கிறது

இங்கே ஃபிளாப்பைப் பார்க்கவே வேண்டாம். அதை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள்.

ஒரு சாதாரண காகிதக் கவரை ஒட்டி, கையில் எடுத்து, ஃபிளாப்பின் இரண்டு மூலைகளையும் பாருங்கள். பசை விளிம்பு வரை வந்திருக்காது. மெஷினில் பசை வெளியே பிதுங்கி அடுத்த கவரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று, இரண்டு பக்கமும் சில மில்லிமீட்டர் விட்டுத்தான் பசை பூசுவார்கள். அந்த மூலைச் சந்துதான் வாசல். இரண்டு மெல்லிய ஊசிகளை அந்தச் சந்து வழியாக விட்டு, உள்ளே இருக்கும் தாளின் விளிம்பை நடுவில் கவ்வி, மெல்லச் சுருட்டினால் தாள் பீடி மாதிரி ஒல்லியாகச் சுருண்டு வெளியே வரும். படித்துவிட்டு அதே வழியாக உள்ளே விட்டு, எதிர்ப்பக்கமாகச் சுழற்றினால் விரிந்துகொள்ளும். அஞ்சலைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்த உளவுத்துறைகளுக்கு இது பால பாடம்.

நீங்களே செய்து பாருங்கள். எனக்கு முதல் தாளை வெளியே எடுக்க அரை மணி ஆனது, கிழித்தும் விட்டேன். ஐந்தாவது தாள் 4 நிமிடத்தில் வந்தது. வெளியே வந்த தாளை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மடிப்புக்குக் குறுக்கே நெடுக மெல்லிய அலை தெரியும். அதுதான் இந்தக் கோளாறின் கையெழுத்து.

திருத்தம் மூன்று. முதலாவது, ஃபிளாப்பின் பசையை மூலை வரை கொண்டுபோவது. பிதுங்கினால் பிதுங்கட்டும், கவர்களுக்கு நடுவில் ரிலீஸ் தாள் போட்டுக் கட்டலாம். இரண்டாவது, உள்ளே ஒரு சின்னக் கவர். சுருட்டுவதற்குத் தனித் தாள் கிடைக்காது. நம் தேர்தல்களில் தபால் வாக்கு இப்படித்தான் போகிறது: வாக்குச்சீட்டு 13பி என்ற சிறிய உறையில், உறுதிமொழி 13ஏ அதற்கு வெளியே, இரண்டும் சேர்ந்து 13சி என்ற பெரிய உறையில். அங்கே அது வாக்கு ரகசியத்துக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் ஊசிக்காரனுக்கும் அது தொல்லை. மூன்றாவது, உள்ளடக்கத்தையே ஒரு புள்ளியில் கவரோடு சேர்த்துவிடுவது.

மூன்றாவது வழி புதிதில்லை. கவர் என்ற பொருள் பரவலாவதற்கு முன், கடிதத்தையே மடித்துப் பூட்டினார்கள். ஸ்காட்லாந்து ராணி மேரி தன் மரண தண்டனைக்குச் சில மணி நேரம் முன், 1587 பிப்ரவரி 8 அன்று எழுதிய கடைசிக் கடிதத்தின் ஓரத்திலிருந்தே ஒரு நாடாவை வெட்டி, மடித்த கடிதத்தில் துளைகள் போட்டு அந்த நாடாவை ஊடும் பாவுமாகச் சுற்றிப் பூட்டியிருக்கிறார்கள். நாடாவை அறுக்காமல் படிக்க முடியாது. அறுத்த நாடாவுக்குப் பதில் வேறு நாடா வைக்கவும் முடியாது, ஏனென்றால் அது அந்தத் தாளின் சொந்தத் துண்டு. இன்றைக்குப் பெரிய செலவில் செய்யும் பல கவர்களில் இந்த அறிவு கிடையாது.

இன்னொரு வாசல், பக்கத் தையல். ஃபிளாப்புக்கு விலை உயர்ந்த டேப் போட்டுவிட்டு, பின்பக்க நடுத் தையலுக்கும் அடித் தையலுக்கும் சாதாரணப் பசை ஓட்டியிருப்பார்கள். வீட்டு வாசலுக்கு இரும்புக் கதவு, கொல்லைப்புறத்துக்குத் தென்னந்தட்டி. காகிதக் கவரில் தையல்களை ஓரத்தில் வைத்து, ஃபிளாப் அவற்றின் மேல் வந்து மூடும்படி டையை மாற்றுங்கள். பாலித்தீன் பையில் அடிப்பக்கம் மடிப்பாக இருக்கட்டும், வெல்டாக (சூட்டில் உருக்கி ஒட்டிய இணைப்பாக) வேண்டாம். பக்க வெல்டுகளின் குறுக்கே சின்ன எழுத்து அச்சு ஓட வேண்டும். வெல்டுக்கு 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஒரு நேர்க்கோடும் போடுங்கள். வெட்டித் திறந்து மறுபடி வெல்டு அடித்தால் பை அகலத்தில் சுருங்கும், கோடு வெல்டுக்குள் போய் மறையும். ஸ்கேல் கூட வேண்டாம், கண்ணே சொல்லிவிடும்.

அறிகுறி: ஆவி காட்டினால் காகிதக் கவர் திறந்துகொள்கிறது

எச்சில் தொட்டு ஒட்டும் டெக்ஸ்ட்ரின் பசை என்றால் திறக்காமல் என்ன செய்யும்? தண்ணீரில் இளகுவதுதான் அதன் பிறவிக் குணம். கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத்துறையில் அஞ்சலைப் பிரித்துப் பார்க்கவே ‘எம்’ என்று தனிப் பிரிவு இருந்தது. ஆவி அவர்களுடைய அன்றாடக் கருவி.

சரிசெய்ய, தண்ணீரில் இளகாத பசை ஒன்று, சூட்டில் இளகாத பசை ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு. ஒன்றுக்கான தந்திரம் மற்றதற்குப் பலிக்காது. சூட்டில் உருகும் ஹாட்மெல்ட் பசையை மட்டும் நம்பினால் ஹேர் டிரையர் போதும். அதைவிட முக்கியம் காகிதம். பசை எவ்வளவு பலமோ அவ்வளவு பலவீனமாகக் காகிதத்தின் தோல் இருக்க வேண்டும். அப்போதுதான் பிரிக்கும்போது நார் பிய்ந்து வரும். பிய்ந்த நாரைத் திரும்ப நடுவது பெரும் பாடு. பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று ஃபிளாப்புக்கு லேமினேஷனோ வார்னிஷோ போட்டால் இது கெட்டது. பசை பளபளப்பின் மேல் உட்காரும், நாரைத் தொடவே தொடாது. பாதுகாப்புக் கவரில் லேமினேஷன் கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் ஒரு கெட்டிலைத்தான் காட்டுவேன்.

ஃபிளாப்பின் உட்புறம் நீரில் கரையும் மையில் நுண்கோடுகள் அச்சிட்டால், ஆவி பட்டதும் கசிந்து கறையாகும். ஆனால் மழையில் நனைந்த தபாலும் கறையாகும். அந்தக் கோடுகள் ஃபிளாப்புக்கு அடியில் மட்டும் இருந்தால் வித்தியாசம் தெரியும்: மழை கவர் முழுக்கப் படும், ஆவி ஒரு பட்டையில் மட்டும் படும்.

அறிகுறி: வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருப்பது தெரிகிறது

உட்புறத்தில் நீல நிறச் சிக்கல் அச்சு போட்டால் டியூப் லைட்டுக்குத் தாங்கும். ஐபிஏ தடவினால் காகிதம் எண்ணெய்த் தாள் போல ஒளி விடும், சில நிமிடத்தில் காய்ந்து பழையபடி ஆகிவிடும். சிக்கல் அச்சு அதற்குப் போதாது. ஒரு கறுப்பு அடுக்கு அல்லது அலுமினியத் தாள் அடுக்கு வேண்டும். எழுத்துப் பக்கம் உள்ளே வரும்படி தாளை மடிக்கச் சொல்வது காசில்லாத வைத்தியம்.

பின் நம்பர் அனுப்பும் கவர் செய்கிறவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை. 2005ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லேசரில் அச்சிட்டு மறைப்பு வைத்த பின் நம்பர் கடிதங்கள் பலவற்றை மறைப்பை உரிக்காமலே, சாய்வான வெளிச்சத்திலும் ஸ்கேன் செய்த படத்தைத் திருத்தியும் படித்துக் காட்டினார்கள். லேசர் டோனர் காகிதத்தின் மேல் மேடாகவும் பளபளப்பாகவும் உட்காருவது ஒரு காரணம். ஆகவே டார்ச்சை நேராக மட்டும் பிடிக்காமல், தாளோடு படுக்கவைத்தும் பிடித்துப் பாருங்கள்.

அறிகுறி: எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் அது நாம் அனுப்பிய கவரே இல்லை

கவரைப் பிரிக்க ஏன் மெனக்கெட வேண்டும்? கிழித்து எடுத்துவிட்டு, அதே மாதிரி புதுக் கவரில் போட்டு அனுப்பினால் ஆயிற்று. மேலே சொன்ன டேப், பசை, வெல்டு எல்லாம் இந்த இடத்தில் பூஜ்யம். வெற்றுக் கவர் கடையில் கிடைத்தாலோ, அனுப்பும் அலுவலகத்தின் அலமாரியில் பூட்டில்லாமல் கிடந்தாலோ, கோளாறு உங்கள் டிசைனில் இல்லை, அலமாரியில் இருக்கிறது.

ஒவ்வொரு கவருக்கும் ஒரு எண் வேண்டும். அந்த எண் கவரோடு போகாமல் வேறு வழியாகப் போய்ச் சேர வேண்டும். கவருக்குள்ளேயே ‘இக்கவரின் எண் இது’ என்று சீட்டு வைத்து அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூட்டோடு சாவியைக் கட்டித் தொங்கவிடுவது இதுதான். வங்கிக் கார்டு உலகத்தின் பாதுகாப்பு அமைப்பான பிசிஐ வகுத்த பின் நம்பர் விதிகளில், கணினிக் குறியாக்கத்துக்கான ரகசியச் சாவியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் எண்ணிட்ட தனித்தனிக் கவரில் அனுப்பி, வாங்குகிறவர் எண்ணைச் சரிபார்த்த பிறகே ஏற்க வேண்டும் என்று இருப்பது இதனால்தான்.

எண்ணையும் அச்சடிக்கலாமே என்றால், உண்மை. அச்சாபீஸ் வைத்திருப்பவனுக்கு எந்த எண்ணும் பெரிதில்லை. அச்சடிக்க முடியாத ஒன்று வேண்டுமென்றால் தற்செயலைத்தான் நம்ப வேண்டும். பனிப்போர் முடிகிற காலத்தில் ஆயுதக் குறைப்பு ஒப்பந்தச் சரிபார்ப்புக்காக அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம், மினுக்கும் துகள்களைப் பிசினில் கலந்து பூசி, பல கோணங்களில் படம் எடுத்து வைக்கும் குறியீட்டை உருவாக்கியது. துகள் எப்படிச் சிதறியதோ அதை யாராலும் திரும்பச் சிதறவைக்க முடியாது. வீட்டு அளவில் இதையே மினுக்கு நகப்பாலிஷால் செய்யலாம்: ஃபிளாப்பும் கவரும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு, காய்ந்ததும் போனில் படம், அந்தப் படம் வேறு வழியாக வாங்குகிறவருக்கு. ஜெர்மனியில் கணினிப் பாதுகாப்பு ஆட்கள் பல நிறப் பருப்புகளைக் கலந்து, பொருளோடு சேர்த்துக் கண்ணாடிப் பையில் காற்றை உறிஞ்சி மூடிப் படம் எடுக்கிறார்கள். துவரையும் பாசியும் மசூரும் கலந்து நானும் செய்து பார்த்தேன். அடுப்படியிலிருந்து எழுந்த ஆட்சேபணை தனி.

அரக்கு சீலும் இந்தக் கணக்கில்தான் வரும். முத்திரையின் பதிவை மாவு போன்ற எதிலாவது அச்செடுத்து நகல் செய்வது பழைய வித்தை. சூடான மெல்லிய கம்பியை அடியில் விட்டு அரக்கையே முழுசாகப் பெயர்த்து, பிறகு ஒட்டுவதும் உண்டு. வழியில் தானே உடைந்து பொய் எச்சரிக்கை தருவது இன்னொரு பக்கம். அரக்கை விட முடியாத இடமென்றால், இரண்டு நிற அரக்கைக் கலக்காமல் ஒன்றாக ஊற்றுங்கள். சுழன்ற நிறக் கோலத்தைப் படம் எடுங்கள். முத்திரையை நகல் எடுக்கலாம், கோலத்தை எடுப்பது கஷ்டம்.

அறிகுறி: கவர் காட்டிக்கொடுத்தது, வாங்கியவர் பார்க்கவில்லை

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரோஜர் ஜான்ஸ்டனின் குழு 200க்கும் மேற்பட்ட வகை சீல்களை ஆராய்ந்து, எல்லாவற்றையும் சாதாரணக் கருவிகளால் ஏமாற்றலாம் என்று காட்டியது. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, சீல் எவ்வளவு நல்லது என்பதைவிட அதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதுதான் பெரிது என்பதே. மேசையில் இதைச் சரிசெய்ய மூன்று சின்ன வேலைகள்.

படிவத்தில் ‘சீல் சரியாக உள்ளது: ஆம் / இல்லை’ என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். கை தானாக ‘ஆம்’ போடும். அதற்குப் பதில் ‘கவர் எண்ணை எழுதவும்’, ‘பக்கக் கோடு வெல்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர்?’ என்று கேளுங்கள். பார்க்காமல் எழுத முடியாத கேள்வியாக இருக்க வேண்டும்.

வாங்குகிறவர் கையில், சரியான கவர் எப்படி இருக்கும், உரித்தது எப்படி இருக்கும் என்று இரண்டு அசல் துண்டுகள் ஒட்டிய அட்டை ஒன்று இருக்கட்டும். ‘வாய்டு’ என்ற எழுத்தையே வாழ்நாளில் பார்க்காத ஒருவர் அதை டிசைன் என்றுதான் நினைப்பார். ஒருவர் என்னிடமே “இந்தப் பேர் போட்ட கம்பெனி கவர்தானே கேட்டோம்” என்று சாதித்தார்.

திறக்கும் இடத்தை நீங்களே முடிவு செய்து, ஃபிளாப்புக்கு எதிர்ப்பக்கம் வெட்டுக்கோடு அச்சிடுங்கள். ஃபிளாப்பைக் கிழித்துத் திறந்தால் சாட்சி குப்பைக்குப் போய்விடும். பிறகு சந்தேகம் வந்து என்ன பயன்?

சில்லறைக் கோளாறுகள்

பையில் பேனா எழுதவில்லை என்றால் எழுதும் கட்டத்துக்கு மேட் வெள்ளை அச்சு கொடுங்கள். பார்கோடு படிக்கவில்லை என்றால் பெரும்பாலும் அது மடிப்பின் மேல் விழுந்திருக்கும். மழைக்காலத்தில் எச்சில் பசைக் கவர்கள் கட்டோடு ஒட்டிக்கொண்டால், கட்டை பாலித்தீனில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். ஃபிளாப் மடிப்பில் வெடித்தால் காகிதத்தின் நார் திசை மடிப்புக்குக் குறுக்கே போகிறது. தாளைத் திருப்பிப் போட்டு வெட்டச் சொல்லுங்கள். எண் அழிகிறது என்றால் விரலால் தேய்க்காமல் ஐபிஏ பஞ்சால் தேய்த்துச் சோதியுங்கள், விரலுக்குத் தாங்கும் மை அதற்குத் தாங்காது.

ஒவ்வொரு லாட்டிலும் மூடிய கவர் 5, மூடாத கவர் 5 எடுத்துத் தேதி எழுதி, ஏசி இல்லாத அலமாரியில் போட்டு வையுங்கள். சித்திரை பிறந்ததும் மூடியதில் ஒன்றை உரியுங்கள். ஐப்பசி மழையில் இன்னொன்று. மூடாததில் ஒன்றை அன்றைக்கே மூடி, மறுநாள் உரியுங்கள். கடைசியாக மிஞ்சும் ஒன்றை, அந்த வேலையே தெரியாத பையன் ஒருவனிடம் பின்னல் ஊசியோடு கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்.